பார்க்காத சிநேகம்

"முகத்தைப் பார்க்காமல் சிநேகமா? அது கோப்பெருஞ்சோழனோடும் பிசிராந்தையாரோடும் போயிற்று, ஐயா! அதற்கு அப்புறம் அப்படி யாரும் பிறக்கவில்லை" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். அவர் தபால் இலாகாவில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பிய கை அவருடையது. ஆகையால் கடித விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் எடுத்த எடுப்பில் மறுத்துவிட முடியாது.

ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில் ருஷ்ய தேசத்தில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தேன். 13 வருஷத்துக்கு மேல் அவர்கள் கடிதம் எழுதிக் கொண்டார்கள். 1,200-க்கும் அதிகமான கடிதங்கள். நேரில் ஒரு வார்த்தை பேசிக் கொண்டதில்லை. பேசக்கூடாது என்பது அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு.

"கடைசியில் என்ன ஆயிற்று?" என்றார் நண்பர்.

"கடைசியில் கடிதம் நின்றுவிட்டது."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் சொல்ல முடியாமல் போன கதையை உங்களிடமாவது சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மாளின் பெயர் நதேஷ்தா பிலாரெத்தொவ்னா வான் மெக். பெயரின் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெக் அம்மாள் என்றே வைத்துக் கொள்வோம். நதேஷ்தா என்றால் ருஷ்ய மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

1831-ல் பிறந்தவர். புருஷன் சர்க்கார் இஞ்சினீயர்; சம்பளம் சொற்பம்; குழந்தைகளோ ஒன்றன் பின் ஒன்றாகப் பிறந்து கொண்டிருந்தன. 'இந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ரயில் பாதை போடும் தொழிலில் இறங்குங்கள்' என்று புருஷனை விடாமல் நச்சரித்தது இந்த அம்மாள்தான். மனைவியின் நச்சரிப்பால் கெட்டவர்களின் கதை நமக்கு நிறையத் தெரியும். வான் மெக் என்ற இந்த மனிதர் நச்சரிப்பால் கோடீசுவரரானார். ருஷ்யா முழுவதும் ரயில் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. 1876-ல் அவர் இறந்தபோது, 45 வயது விதவையின் கையில் ரயில் கம்பெனிப் பங்குகளும், பண்ணைகளும், மாளிகைகளும், 11 பிள்ளைகளும் இருந்தன. அன்றிலிருந்து மெக் அம்மாள் ஊர் உலகத்தோடு உறவை முறித்துக் கொண்டார். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் செய்த வீட்டாரைக்கூட அவர் சந்திப்பதில்லை. மிச்சமிருந்த ஒரே பிடிப்பு சங்கீதம்.

அதே சமயத்தில் மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் ஓர் ஆசிரியர் இருந்தார். வயது 36. கூச்ச சுபாவம், கையில் காசு தங்காது. பீட்டர் இலியிச் சைகோவ்ஸ்கி என்று பெயர். இன்று உலகத்தில் எந்த மூலையில் 'அன்னப் பொய்கை' நாட்டியம் நடந்தாலும் அவருடைய இசைதான் கேட்கிறது. ஆனால் 1876-ல் அவர் வேறு. மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அலுத்துப்போன ஒரு வாத்தியார், அவ்வளவுதான்.

மெக் அம்மாளின் வீட்டில் சம்பளத்துக்குப் பிடில் வாசித்த கோத்தெக் என்ற இளைஞர் சைகோவ்ஸ்கியின் சிஷ்யர். அவர் மூலமாக அம்மாள், பிடிலும் பியானோவும் சேர்ந்து வாசிக்கத்தக்கதாகச் சில உருப்படிகளை அமைத்துத் தரும்படி கேட்டனுப்பினார். வந்தது, தாராளமாகப் பணம் போயிற்று. கூடவே நன்றி சொல்லி ஒரு சிறு கடிதம். 1876 டிசம்பரில் எழுதிய கடிதம் அது. (ருஷ்யர்களுடைய பழைய பஞ்சாங்கம் அந்த நூற்றாண்டில் நம் இங்கிலீஷ் காலண்டருக்கு 12 நாள் பின்தங்கி நடந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுவதைக் கண்டு திகைக்காதீர்கள்.)

அடுத்த சில மாதங்களில் கடிதம் நீண்டது. அம்மாள் போட்டோ கேட்டு வாங்கிக் கொண்டார். நேரில் பார்க்க மட்டும் விருப்பமில்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார். ஒரு மனிதரிடம் மயக்கம் அதிகமாக ஆக, அவரோடு பழகவே தமக்குப் பயமாயிருக்கிறது என்பது அவர் கட்சி. சைகோவ்ஸ்கிக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்க முடியாது. நேரில் பார்த்து ஏமாந்து போவது என்ற நோய் தமக்கும் உண்டு, ஆகையால் நன்றாகப் புரிகிறது என்று பதில் போட்டார்.

இங்கே இன்னொரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே 1877-ம் வருஷத்தில் இன்னொரு பெண்ணும் சைகோவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதினாள். அந்தோனீனா மில்யுகோவா என்று பெயர். கல்லூரியில் சில காலம் படித்தவள். உங்களையே நினைத்து உருகுகிறேன் என்று எழுதினாள். அப்போது அவர் புஷ்கினுடைய காவியத்தை இசை நாடகமாக்கிக் கொண்டிருந்தார். அதில் கதாநாயகி தாத்தியானா ராத்திரி முழுவதும் விழித்து, முன்பின் பழகாத ஒருவனுக்குக் காதல் கடிதம் எழுதுகிறாள். அவன் அவளை அலட்சியமாக உதறிவிடுகிறான். அந்தக் கட்டத்துக்கு இசை அமைத்துக் கொண்டிருந்த மனிதரின் கையில் நிஜமாகவே ஒரு பெண்ணின் கடிதம்! கதையில் வருபவனைப் போல் நாமும் கல்நெஞ்சனாக இருக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது. பார்க்கப் போனார், ஜூலை மாதத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது.

நாவலில் நான் இப்படி எழுதினால் 'நம்பும்படி இல்லை' என்று நீங்களே கடிதம் போடுவீர்கள். வாழ்க்கைக்கு அந்தப் பயம் இல்லை.

அவருடைய மனம் பெண்களை நாடும் மனமல்ல என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரே வீட்டில் அவர்கள் இருந்த நாட்களைக் கூட்டினால் சில வாரங்கள் தேறும். அக்டோபருக்குள் புத்தி பேதலிக்கும் நிலையில் ஊரை விட்டே ஓடி, ஸ்விட்ஜர்லாந்தில் போய் ஒண்டிக் கொண்டார். ஒரே வருஷத்தில் இரண்டு பெண்கள் எழுதினார்கள். ஒருத்தியைப் பார்த்தார், ஓடினார். பார்க்காதவர்தான் காப்பாற்றினார். வருஷத்துக்கு 6,000 ரூபிள் உதவித் தொகை அனுப்பி வைப்பதாகவும், அதற்காக அவர் எதுவும் செய்ய வேண்டாம், இசை எழுதினால் போதும் என்றும் மெக் அம்மாள் ஏற்பாடு செய்தார். 1878-ல் சைகோவ்ஸ்கி கல்லூரி வேலையை ராஜிநாமா செய்தார்.

நான்காவது ஸிம்பொனி அந்த வருஷத்தின் குழந்தை. 'என் மிகச் சிறந்த சிநேகிதருக்கு' என்று மட்டும் சமர்ப்பணத்தில் போட்டார், பேர் போடவில்லை. கடிதங்களில் இருவரும் அதை 'நம்முடைய ஸிம்பொனி' என்றே குறிப்பிட்டுக் கொண்டார்கள். 1878 பிப்ரவரியில் மாஸ்கோவில் அது முதன்முதலாக அரங்கேறியபோது அம்மாள் சபையில் உட்கார்ந்திருந்தார். எழுதியவர் இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்தில் இருந்தார். அங்கிருந்து, ஸிம்பொனியின் ஒவ்வொரு பகுதியிலும் தாம் என்ன நினைத்தார் என்று விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். இன்று உலகமெங்கும் இசை விமரிசகர்கள் அந்தக் கடிதத்தை வைத்துக் கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். ஒரே ஒரு ரசிகைக்காக எழுதிய கடிதம் அது.

அந்த வருஷக் கடைசியில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெக் அம்மாள் குடும்பத்தோடு பிளாரென்ஸில் தங்கியிருந்தார். தம் வீட்டுக்குச் சமீபத்திலேயே சைகோவ்ஸ்கிக்கும் ஒரு வீடு அமர்த்தி, பியானோ முதலிய சகல வசதிகளும் செய்து, வரவழைத்தார். நடந்து போகும் தூரம்தான். ஆனால் சந்திக்கவில்லை! அநேகமாகத் தினந்தோறும் கடிதம் போயிற்று, வந்தது. அம்மாள் உலாவப் போகும்போது அவர் வீட்டு வழியாகத்தான் போவார்; அந்த நேரத்தில் இவர் வெளியே வரமாட்டார். நாடக சாலையில் ஒருவரையொருவர் தூரத்திலிருந்து பார்த்துக் கொண்டார்கள். முதலில் இந்தச் சமீபம் சைகோவ்ஸ்கிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அம்மாள் புறப்பட்டுப் போன பிறகோ, காலியான அந்த வீட்டைக் கடந்து போகும்போது மனம் கனத்துவிட்டது.

1879 ஆகஸ்டில் விதி ஒரு வேடிக்கை செய்தது. உக்ரேனில் பிராயிலோவ் என்ற இடத்தில் அம்மாளுக்குப் பெரிய பண்ணை. அதை அடுத்துச் சிமாகி என்ற சிறு பண்ணை வீட்டில் சைகோவ்ஸ்கியைத் தங்க வைத்திருந்தார். யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் உலாவுவது என்பதெல்லாம் கணக்காய் ஏற்பாடாகியிருந்தது. ஒரு நாள் இவர் சற்று முந்திப் புறப்பட்டுவிட்டார். அம்மாள் சற்றுத் தாமதித்துவிட்டார். காட்டுப் பாதையின் திருப்பத்தில் வண்டிக்கு எதிரே வண்டி! அம்மாளின் பக்கத்தில் கடைசிப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் முகத்துக்கு முகம். சைகோவ்ஸ்கி தொப்பியைக் கழற்றி வணங்கினார். கோடிக்கணக்கான சொத்தை ஆண்ட அந்த ஸ்திரீ என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறிப் போனார். வண்டிகள் நகர்ந்துவிட்டன. ஒரு வார்த்தை இல்லை. 13 வருஷ சிநேகத்தில் அவர்கள் அவ்வளவு நெருங்கி வந்தது அந்த ஒரு தடவைதான். அன்றிரவே இவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். மன்னிப்பு எதற்கு, எனக்கு எவ்வளவு ஆனந்தமாயிருந்தது தெரியுமா என்று பதில் வந்தது.

அதற்கு அடுத்த மாதமோ அதற்குச் சற்றுப் பின்னரோ அம்மாள் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. 'நம்முடைய ஸிம்பொனி'யைப் பியானோவில் வாசித்துவிட்டு, உணர்ச்சி மேலிட்டு எழுதியது. உங்கள் கல்யாணத்தால் நான் எவ்வளவு வேதனைப்பட்டேன் தெரியுமா, அவள் உங்களைச் சுகமாக வைக்கவில்லையே என்று வெறுத்தேன், சுகமாக வைத்திருந்தாலோ நூறு மடங்கு அதிகமாக வெறுத்திருப்பேன் என்று எழுதிவிட்டார். இதற்கு மனிதர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? ஸிம்பொனியைப் பற்றிப் பேசிவிட்டு, நெருப்பைத் தாண்டுவது போல் விஷயத்தைத் தாண்டிவிட்டார். எனக்கு அவர்மேல் இதில் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அந்த நிலையில் நானாயிருந்தால் தபாலே போட்டிருக்க மாட்டேன்.

நடுவில் ஒரு சிறிய சங்கதி. 1880-ல் அம்மாள் கோடைக்காலத்துக்குப் பியானோ வாசிக்க ஒரு பிரெஞ்சுப் பையனை அமர்த்திக் கொண்டார். அவன் எழுதிய ஒரு சின்ன நாட்டிய உருப்படியைச் சைகோவ்ஸ்கிக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சின்னதாயிருக்கிறது என்று வந்தது பதில். அந்தப் பையன்தான் பிற்காலத்து டெபுஸ்ஸி.

1884-ல் இருவரும் கடிதத்திலேயே பேசி முடித்து, அம்மாளின் மகன் நிக்கொலாயுக்கும் சைகோவ்ஸ்கியின் சகோதரி மகள் அன்னாவுக்கும் கல்யாணம் செய்து வைத்தார்கள். சம்பந்திகளாகியும் சந்திக்கவில்லை.

இனி 1890. அந்த இலையுதிர் காலத்தில் சைகோவ்ஸ்கி காகஸஸ் மலைக்கு அப்பால் திப்லிஸ் நகரத்தில் தம்பியின் வீட்டில் இருந்தார். அங்கே மெக் அம்மாளின் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. தம் சொத்து நிலைமை சீர்குலைந்துவிட்டது, இனி உதவித் தொகை அனுப்ப இயலாது என்று எழுதியிருந்தார். தம்மை மறந்துவிட வேண்டாம், எப்போதாவது நினைத்துக் கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தார்.

சைகோவ்ஸ்கிக்குப் பணம் போனது நஷ்டந்தான். இல்லையென்று அவரே சொல்லவில்லை. ஆனால் அவர் அப்போது தரித்திரர் அல்ல. 1888 முதல் ஜார் சக்கரவர்த்தி வருஷத்துக்கு 3,000 ரூபிள் பென்ஷன் கொடுத்து வந்தார். அவரைச் சுட்டது அந்தக் கடைசி வாக்கியம். உங்கள் பணத்தைச் செலவழிக்கிற வரைக்குந்தான் உங்களை நினைப்பேன் என்று நினைத்தீர்களா என்று துடித்துப் போய் உடனே பதில் எழுதினார். அந்தப் பதில் இருக்கிறது. அவரைத் துடிக்க வைத்த கடிதம் கிடைக்கவில்லை. கடிதச் சிநேகத்தில் இது ஒரு விசித்திரம். நம் பெட்டியில் இருப்பதெல்லாம் எதிராளியின் குரல். நம் குரல் அவர் பெட்டியில் இருக்கும். அம்மாள் அவருடைய கடைசிக் கடிதத்தைப் பத்திரப்படுத்தினார். அவர் அம்மாளுடையதைக் கிழித்தாரோ, தொலைத்தாரோ! அதில் என்ன இருந்தது என்பதை இவர் பதிலிலிருந்துதான் நாம் ஊகிக்கிறோம்.

அதற்கு அப்புறம் அம்மாளிடமிருந்து ஒரு வரி இல்லை. சொத்து ஒன்றும் மூழ்கிவிடவில்லை என்ற செய்தி மட்டும் இவர் காதுக்கு எட்டியது. ஏன் நிறுத்தினார்? க்ஷயரோகம் முற்றியிருந்தது, கை வலுவிழந்து பேனா பிடிக்க முடியவில்லை, மூத்த மகன் தீராத நோயில் விழுந்திருந்தான், குடும்பத்தார் வெகுநாளாக இந்தப் பண விஷயத்தில் முணுமுணுத்துக் கொண்டிருந்தார்கள். இப்படிப் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாயிருக்கலாம். கை எழுதாவிட்டால் என்ன, வீடு நிறைய ஆட்கள் இருந்தார்களே, சொல்லி எழுதச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். மனசில் இருப்பதை அருகே இருக்கும் மருமகனிடம் சொல்லி, தூரத்தில் இருக்கும் சிநேகிதருக்கு எழுதச் சொல்வது லேசான காரியமா?

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

என் தொடர்கதை ஒன்றில் ஐப்பசி மாத மழையில் வேப்பம்பூ உதிர்வதாக வர்ணித்திருந்தேன். 'ஐயா, வேம்பு பூப்பது வேனிலில்; தாங்கள் பட்டணத்தில் மரமே பார்த்ததில்லையா?' என்று ஒரு கார்டு வந்தது. கரூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். தவற்றை ஒப்புக் கொண்டு பதில் போட்டேன். அப்படித் தொடங்கியது 9 வருஷம் நடந்தது. கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்பதிலிருந்து, கம்பன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்பது வரை எழுதுவார். என் மனைவிக்குத் தெரியாத சில கவலைகள் அவருக்குத் தெரியும். நான் அவரைப் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தே தீர வேண்டும் என்று பத்திரிகை வைத்து எழுதினார். அச்சகத்தில் வேலை நெருக்குகிறது, மன்னிக்க வேண்டும் என்று எழுதி, ஒரு புடவையைப் பார்சல் செய்தேன்.

அச்சகத்தில் ஒரு வேலையும் நெருக்கவில்லை. கதைகளில் வருகிற ஆசாமியை அவர் மனசில் எப்படியோ வரைந்து வைத்திருக்கிறார். இந்தச் சளசளப் பேச்சுக்காரனைக் கண்டு ஏமாந்து போவாரோ என்ற பயம். மெக் அம்மாளின் பயம்தான். அந்த அம்மாளாவது அதை மறைக்காமல் சொன்னார். நான் பொய் சொன்னேன். புடவை கிடைத்தது, மகளுக்கு நிறம் பிடித்திருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அப்புறம் பொங்கலுக்கு ஒன்று. பிறகு நின்றுவிட்டது. நான் இரண்டு எழுதினேன். பதில் இல்லை. ஒரு வருஷம் கழித்து மூன்றாவதாக எழுதியது, விலாசதாரர் இல்லை என்ற குறிப்போடு எனக்கே திரும்பி வந்தது. கோபித்துக் கொண்டாரா, ஊர் மாறினாரா, போய்விட்டாரா, இன்று வரை தெரியாது. அந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும். எத்தனையோ தரம் அந்த வழியாகப் போயிருக்கிறேன்.

அதனால்தான் 1891 ஜூன் மாதத்து சைகோவ்ஸ்கியை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்கு முந்திய மாதம் அமெரிக்காவில் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத் திறப்பு விழாவில் தம் இசையைத் தாமே நடத்தி, பெரிய கூட்டத்தின் கரகோஷத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். திரும்பியதும் உட்கார்ந்து, அம்மாளின் மருமகனும் காரியதரிசியுமான பாக்குல்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். பணம் நின்றதைப் பற்றி அல்ல. பணத்தோடு அவர் அன்பும் நின்றுபோயிற்றே என்பதைப் பற்றி. அந்தக் கடிதத்தை மாமியாரிடம் காட்டாமலே பாக்குல்ஸ்கி அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாளுக்கு உடல்நிலை சரியில்லை, மனசில் வேறொன்றும் இல்லை என்று சமாதானம் எழுதினார். திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வாங்கியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

1893 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் ஆறாவது ஸிம்பொனி அரங்கேறிற்று. ஒன்பதாம் நாள், நவம்பர் 6-ந் தேதி, காலராவில் சைகோவ்ஸ்கி காலமானார். கடைசி நேரத்து ஜுர வேகத்தில் ஒரு பெயரையே திரும்பத் திரும்ப, குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லிக் கொண்டிருந்தார் என்று அவருடைய தம்பி மொதேஸ்த் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். நதேஷ்தா பிலாரெத்தொவ்னா என்ற பெயர். முதலில் ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்னேனே, அந்த அர்த்தத்தோடு இதைப் படித்துப் பாருங்கள்.

கடைசியில் இருவரும் மன்னித்துக் கொண்டார்கள், அன்னா தூது போய் அதை நடத்தி வைத்தார் என்று அன்னாவின் மகள் கலீனா பிற்காலத்தில் எழுதினார். ஆராய்ச்சிக்காரர்கள் இதை நம்புவதில்லை. கடிதம் ஒன்றும் இல்லையே என்கிறார்கள். பேத்தி சொல்கிற கதை. நம்பிவிட்டுப் போவோமே என்று எனக்கு ஆசை. ஆசைதான்.

மெக் அம்மாள் 1894 ஜனவரியில் பிரான்ஸ் தேசத்துக் கடற்கரை நகரமான நீஸில் இறந்தார். சைகோவ்ஸ்கி போய் முழுதாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சாவை அம்மாள் எப்படித் தாங்கினார் என்று அன்னாவைப் பிற்காலத்தில் யாரோ கேட்டார்களாம். அவர் தாங்கவில்லை என்றாராம் அன்னா.

ரயில் பாதைச் செல்வம் புரட்சியில் போயிற்று. கடிதத்திலேயே நிச்சயமான அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை நிக்கொலாயைச் சோவியத் சர்க்கார் 1929-ல் சுட்டுக் கொன்றது. அதே சர்க்காரின் காலத்தில், 1934 முதல் 1936 வரை, கடிதங்கள் மூன்று பெரிய தொகுதிகளாக அச்சாகி வெளிவந்தன. ஒருவரையொருவர் பார்க்காதவர்களின் பேச்சு ஒரே அட்டைக்குள், இந்தக் கடிதத்துக்கு அடுத்து அந்தப் பதில் என்று, முதன்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்தது.

கரூர் ஆசிரியரின் கடிதங்கள் 63 என்னிடம் இருக்கின்றன. பச்சை மையில் எழுதுவார். திரும்பி வந்த என் கடிதமும் அவற்றோடுதான் இருக்கிறது, பிரிக்கவில்லை. தபால் நண்பரிடம் நேற்று அதைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டு, முத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம டிவிஷன் முத்திரைதான்" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.